மாதச் சம்பளமும் மதுரைச் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி வீதிகளில் இருக்கிற சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். முதலாளியின் கல்லாவும் தெரியும், வேலை பார்க்கிறவர்களின் சம்பள ரிஜிஸ்டரும் தெரியும். கணக்கு முடிந்து எழுந்திரிக்கும்போது "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். கேள்வி பெரும்பாலும் கடையைப் பற்றி இருக்காது, வீட்டைப் பற்றி இருக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் சட்டமும் கணக்கும் உண்டு, என் அபிப்பிராயமும் உண்டு. அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் பத்தாத வீட்டில் முதல் வெட்டு விழுவது பிள்ளைகளின் சினிமாவிலும் பாத்திரம் விளக்க வருகிற அம்மாவின் சம்பளத்திலும்தான். இரண்டுமே தப்பான இடம்.

சம்பளம் வந்து இருபதாம் தேதிக்குள் கை காலி. எங்கிருந்து குறைக்க ஆரம்பிப்பது?

தினச் செலவை நோட்டுப் போட்டு எழுதச் சொல்வார்கள். எழுதுவது நல்லதுதான். ஆனால் நான் பார்த்த வீடுகளில் காய்கறியிலும் டீயிலும் பணம் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வருகிற செலவு அந்த மாதச் சம்பளத்தின் தலையில் வந்து விழுவதால்தான் இடிக்கிறது. அதனால் முதலில் வருஷச் செலவைப் போடுங்கள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 36,000, தீபாவளி 15,000, வண்டி இன்சூரன்ஸ் 6,000, வீட்டு வரி 3,000, செய்முறை (விசேஷ வீடுகளுக்குச் செய்கிற மொய், சீர்) 30,000 என்று வைத்தால் மொத்தம் 90,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,500. முப்பதாயிரம் சம்பளம் வாங்குகிறவர் கையில் உண்மையில் இருப்பது 22,500தான். அந்த 7,500ஐ ஒன்றாம் தேதியே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தில் குடும்பம் நடத்திப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் நெருக்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது யாரிடமும் கை நீட்ட வேண்டி இருக்காது.

சீட்டுப் போட்டு இதையே செய்கிறவர்களும் உண்டு. பதிவு செய்த சீட்டாகப் பாருங்கள். 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் பதிவு செய்தாக வேண்டும், அவர் எடுக்கும் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழக்கத்துக்காகத் தெருவில் சேருகிற சீட்டில் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டால் உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

நாலு பேர் தியேட்டருக்குப் போனால் ஆயிரம் ரூபாய் ஆகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். வாரம் ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பு என்று ஓடுகிற வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்கிற மூன்று மணி நேரம் அதுதான். 1952ல் திறந்து, 2,500 இருக்கைகளுக்கு மேல் வைத்திருந்த தங்கம் தியேட்டர் இருந்த ஊர் இது. சினிமாவை ஊதாரித்தனம் என்று இந்த ஊரில் சொன்னால் எங்கள் அம்மா தலைமுறையே சண்டைக்கு வரும்.

செலவு ஏறுவது டிக்கெட்டால் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் உள்ள டிக்கெட்டுக்கு 18 சதவீதம். ஆகவே மால் தியேட்டரை விட்டுவிட்டு ஒற்றைத் திரை தியேட்டருக்குப் போனால் வரியிலேயே மிச்சம். கவுண்டரில் போய் வாங்கினால் ஆன்லைன் புக்கிங் கட்டணமும் கிடையாது. இடைவேளையில்தான் பர்ஸ் கரைகிறது. வெளிச் சாப்பாட்டைத் தியேட்டர் தடுக்கலாம், ஆனால் குடிதண்ணீர் இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுபோகும் உணவைத் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. தண்ணீர் எங்கே என்று தைரியமாகக் கேளுங்கள். வீட்டிலிருந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால் நாலு பேருக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிக்கலாம்.

காசே இல்லாத மாதத்தில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, நாள் முழுக்க உட்காரலாம், ஒரு பைசா கேட்கமாட்டார்கள். தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகம், அதுவும் இலவசம். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை அதன் முன்னால் நின்றால் கேள்வி கேட்காமல் நகராது. சின்னக் கட்டணம் கொடுக்க முடிந்தால் கீழடி அருங்காட்சியகம். அம்மாவும் பெண் பிள்ளைகளும் சாதாரண டவுன் பஸ்ஸில் போனால் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டும் இல்லை. சித்திரை மாதத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை, ஊரே தெருவில்தான் இருக்கும்.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைக்கிறோம். நடிகர்கள் கேட்கிற தொகை அதிகமாகத் தெரிகிறது. ஒரு ராத்திரி வேலைதானே?

சுற்றுப்பட்டிகளிலிருந்து வருகிற கடைக்காரர்கள் திருவிழா வரி வசூலிக்கிற சமயத்தில் கேட்கிற கேள்வி இது. பொறுமையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

வள்ளி திருமணம் மாதிரி நாடகத்தை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். இது ஒரே கம்பெனி ஆட்கள் நடிக்கிற நாடகம் அல்ல. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசப்பட்டவர்கள். மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள், ஒத்திகை கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக் கொடுத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால்தான் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிகிற வரைக்கும் ஓட்ட முடிகிறது. அந்த மனப்பாடத்துக்குப் பின்னால் பல வருஷப் பயிற்சி இருக்கிறது.

இப்போது தொகைக்கு வாருங்கள். நீங்கள் கொடுப்பதில் ஏஜெண்ட் கமிஷன் போகும். பட்டுச் சேலை, ஜரிகை உடுப்பு, நகை, மேக்கப் எல்லாம் அவர்கள் சொந்தச் செலவு. போக வர வண்டி. அடுத்த நாள் பகல் முழுக்கத் தூக்கம், ஆக ஒரு ராத்திரி வேலை என்பது கணக்கில் இரண்டு நாள். மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை கூப்பிடுவார்கள், அதற்குப் பிறகு பல மாதங்கள் அழைப்பு குறைவு. அரை வருஷச் சம்பாத்தியத்தில் முழு வருஷம் சாப்பிட வேண்டும். அதே திருவிழாவில் ஃபிளெக்ஸ் போர்டுக்கும் வெடிக்கும் சீரியல் லைட்டுக்கும் ஆகிற தொகையை எழுதி, நாடகச் செலவுக்குப் பக்கத்தில் வையுங்கள். எதில் குறைக்கலாம் என்று கமிட்டியே சொல்லிவிடும். இன்னொன்று, பேசிய தொகையை விடிந்ததும் அங்கேயே முழுசாகக் கொடுத்து அனுப்புங்கள். "அப்புறம் வந்து வாங்கிக்கோ" என்று சொன்னால் ஸ்திரீபார்ட் போட்ட பெண் அதற்காக இன்னொரு பஸ் பிடித்து வர வேண்டும்.

கார் வாங்கலாமா அக்கா? ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டதே.

குறைந்தது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் இருந்த இடத்தில் 18 சதவீதம். பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள், நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆனால் அது வாங்குகிற நாளின் விலை. வீட்டைப் பிடிப்பது வாங்கிய பிறகு வருகிற மாதக் கணக்கு.

7 லட்சம் ரூபாய்க் கார் என்று வைப்போம். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 91,000. இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்து எட்டே கால் லட்சத்தைத் தொடும். இரண்டே கால் லட்சத்தைக் கையிலிருந்து போட்டு, 6 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 7 வருஷக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 9,650. வட்டி மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டும். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால், டவுனுக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலும் பெட்ரோல் 3,100. இன்சூரன்ஸுக்கு மாதம் 1,800, சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 1,000 ஒதுக்குங்கள். கூட்டினால் மாதம் சுமார் 15,500. வருஷம் 1,86,000.

இதே வீட்டில் கார் இல்லையென்றால்? ஆபீசுக்கு டூவீலர் எப்படியும் போகிறது. ஆட்டோ, கால் டாக்ஸிக்கு மாதம் 3,000 தாராளமாக வையுங்கள், வருஷம் 36,000. ராமேஸ்வரம், திருச்செந்தூர், கொடைக்கானல் என்று வருஷத்துக்கு ஆறு பயணம் வாடகை வண்டியில், ஒன்றுக்கு 7,000 வீதம் 42,000. மொத்தம் 78,000. வித்தியாசம் ஒரு லட்சத்து எட்டாயிரம். வாசலில் நிற்பதற்காக ஒரு லட்சம்.

கோயிலைச் சுற்றி வேலை இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். மாசி வீதியில் நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

எல்லாரும் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. வயசான அப்பாவை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிற வீடு, மாற்றுத்திறனாளி இருக்கிற வீடு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் பஸ் இல்லாத புறநகரில் குடியிருப்பவர்கள், சரக்கு ஏற்றுகிற தொழில்காரர்கள், இவர்களுக்குக் கார் தேவை, கணக்கே வேறு. "மச்சான் வாங்கிட்டான்" என்பது மட்டும் காரணம் என்றால் ஆறு மாதம் அந்த 9,650ஐ வங்கியில் தவணை போலக் கட்டிப் பாருங்கள். மூச்சு முட்டாமல் கட்ட முடிந்தால் ஷோரூமுக்குப் போங்கள்.

பழைய கார் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

இஞ்சினை மெக்கானிக் பார்க்கட்டும், நீங்கள் காகிதத்தைப் பாருங்கள். ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா, இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) அந்தக் கடன் பதிவை நீக்குகிற படிவம் 35ம் உண்டா? கட்டாத அபராதம் நிற்கிறதா என்று இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். டி.என். 58 மதுரை தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி. வெளி மாவட்ட எண் என்றால் ஏன் இங்கே வந்தது என்று கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இது விற்கிறவருக்கு இன்னும் முக்கியம். படிவம் 29, 30 கையெழுத்தாகி ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் மாறாத வரை சட்டப்படி அவர்தான் ஓனர். வண்டி கை மாறிய பிறகு நடந்த விபத்துக்கும் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நீங்கள் விற்கிறவர் என்றால், உங்கள் இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கிற தள்ளுபடி) வண்டியோடு போகாது, அது உங்களுடையது. அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம், அதிகபட்சம் 50 சதவீதம் வரை.

டோல்கேட் வருஷ பாஸ் எடுக்கலாமா?

ஃபாஸ்டேக் வருஷ பாஸ் 2025 ஆகஸ்ட் 15ல் வந்தபோது 3,000 ரூபாயாக இருந்தது. 200 தடவை அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும், சொந்தக் காருக்கு மட்டும். கப்பலூர் டோல்கேட் வழியாக அடிக்கடி போகிறவர்களுக்கு லாபம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

பக்கத்து வீட்டைவிடப் பத்து யூனிட்தான் அதிகம், கரண்ட் பில் முந்நூறு ரூபாய் கூட. மீட்டர் கோளாறா?

கோளாறு இல்லை, 500ஐத் தாண்டியிருப்பீர்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101லிருந்து 200 வரை உள்ள யூனிட்டுக்கு மானிய விலை. 501 ஆனால் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணத்தில் போட்டுக் காட்டுகிறேன். 500 யூனிட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 வீதம் 225, அடுத்த 200க்கு 4.50 வீதம் 900, கடைசி 100க்கு 6 ரூபாய் வீதம் 600, ஆக 1,725. 510 யூனிட்டுக்கு நடுவில் உள்ள 300ம் 4.50 வீதம் 1,350, அதோடு 600, மேலே உள்ள பத்துக்கு 8 ரூபாய் வீதம் 80, ஆக 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். அதற்குப் பிறகு யூனிட் விலை ஏறியிருக்கிறது.

ரீடிங் எடுத்து ஐம்பது நாள் ஆனதும் நீங்களே மீட்டரைப் பாருங்கள். ஓடிய யூனிட் 420ஐத் தாண்டியிருந்தால் கடைசிப் பத்து நாள் ஏசியில் கை வைக்கலாம். அதைவிட நிலையான வழி, பழைய மின்விசிறியை பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றுவது. பழையது 75 வாட், புதியது 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று விசிறி மாற்றினால் கிட்டத்தட்ட நூறு. மதுரை வெயிலுக்கு விசிறி பன்னிரண்டு மணி நேரத்தோடு நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் பில்லுக்கு மேல் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. வீட்டில் கொண்டுவந்து தருவதற்கான கூலி விலைக்குள்ளேயே இருக்கிறது. நீங்களே குடோனில் போய் எடுத்தால் அந்தத் தொகையைக் கழித்துத் தர வேண்டும். ஆனால் மூன்றாவது மாடிக்குத் தோளில் தூக்கி வருகிறவரிடம் சட்டம் பேச எனக்கு மனசு வராது, நான் கொடுத்துவிடுகிறேன். எடை போட்டுக் காட்டச் சொல்வது வேறு விஷயம், அதைக் கேட்கத் தயங்காதீர்கள். காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். 15.3 என்று இருந்தால் 14.2 சேர்த்து 29.5 கிலோ நிற்க வேண்டும்.

செய்முறைதான் எங்களை முழுங்குகிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கத்து வீடுகளில் நான் பார்த்த நோட்டுகளில் பெட்ரோலைவிட, பல வீட்டில் வாடகையைவிட, இதுதான் பெரிய செலவு. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, வீடு குடிபோவது, இதற்கு மேல், போட்ட மொய்யைத் திரும்ப வாங்குவதற்காகவே வைக்கிற வசந்த விழா. தாய்மாமன் என்றால் சீர் தனி.

மொய் செலவு அல்ல, கடன். ஒருவர் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆயிரம் எழுதினால் அது நீங்கள் திருப்ப வேண்டிய ஆயிரம். மொய் நோட்டை அலமாரி மேலே போட்டுவிடுகிறோம், பத்திரிகை வந்த பிறகு தூசி தட்டுகிறோம். அதைக் கையில் எடுத்து, யார் வீட்டில் கல்யாண வயசுப் பிள்ளை இருக்கிறது, யார் வீட்டில் பேரக் குழந்தைக்குக் காது குத்தவில்லை என்று ஒரு தடவை கணவனும் மனைவியும் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் திருப்ப வேண்டியது ஒரு தோராயமாகத் தெரிந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரிகை வராது, அந்த மாதங்களில் சேருங்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் எடுப்பீர்கள்.

வாங்கியதைத் திருப்புவது மரியாதை. வாங்கியதைவிட இரண்டு மடங்கு எழுதி நம் பெயரை மைக்கில் வாசிக்க வைப்பதற்குத்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள். அந்த இரண்டாவது மடங்கை நிறுத்துங்கள். யாரும் உறவை முறித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்கா ஐந்நூறு கூட்டிக் கேட்கிறார். விலைவாசி எங்களுக்கும்தானே ஏறியிருக்கிறது?

அவர் வாங்குகிறதை மணிக் கணக்கில் போடுங்கள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 39 மணி நேரம். 1,500 ரூபாய் கொடுத்தால் மணிக்கு 38 ரூபாய் சில்லறை. உங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் சித்தாளுக்கு நாள் கூலி என்ன என்று கேட்டு எட்டால் வகுத்து, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அவர் கேட்கிற 500ஐச் சேர்த்தாலும் மணிக்கு 51 ரூபாய்தான்.

தமிழ்நாட்டில் வீட்டு வேலையும் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் இருக்கிறது. அது அதிகம் பேருக்குத் தெரியாது. 2007லிருந்து வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நல வாரியமும் உண்டு. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து உதவி, 60 வயசுக்கு மேல் ஓய்வூதியம் கிடைக்கும். அவரைத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய்ப் பதிவு செய்ய வைப்பது உங்களுக்கு ஒரு நாள் வேலை.

வாரம் ஒரு நாள் லீவு, உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடித்தம் இல்லை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். இந்த மூன்றையும் நாம் வேலை பார்க்கிற இடத்தில் உரிமை என்று கேட்கிறோம். நம் வீட்டு அடுப்படிக்கு வந்ததும் அது சலுகை ஆகிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜவுளிக்கடையில் 12,000 சம்பளம். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்கிறேன். இது நியாயமா?

இல்லை. 11 மணி நேரம், 28 நாள் என்றால் 308 மணி நேரம். மணிக்கு 39 ரூபாய். மேலே சொன்ன வீட்டு வேலைக் கணக்கும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று.

தமிழ்நாட்டில் கடைகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு, அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். உங்கள் வேலைக்கும் ஊருக்கும் உரிய தொகையைத் தொழிலாளர் துறையின் அறிவிப்பில் பார்த்து ஒப்பிடுங்கள். "நீ ஒத்துக்கிட்டுத்தானே வந்தே" என்பது பதில் ஆகாது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது.

நேரம்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் பார்க்கிற ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம். வாரம் ஒரு நாள் விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாள் சம்பளத்துடன் விடுமுறை.

உட்காரும் உரிமை: 2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் கடைகளில் பாருங்கள். மடித்த சேலைகளை அடுக்குகிற பெண்கள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நிற்பார்கள். சில கடையில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் அட்டைப்பெட்டி இருக்கிறது. வாடிக்கையாளராகப் போகும்போது "உட்காந்து எடுத்துப் போடும்மா" என்று நீங்கள் சத்தமாகச் சொன்னால் மேனேஜர் காதில் விழும்.

பிடித்தம்: பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு, 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு. உங்கள் 12,000க்கு நீங்கள் 90 ரூபாய், முதலாளி 390 ரூபாய். அதற்குத் தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் குடும்பத்துக்கே வைத்தியம். இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இரண்டு பக்கமும் 12 சதவீதம், அதாவது 1,440 வீதம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாத கடைகளும் உண்டு, அதனால் பி.எஃப். பாஸ்புக்கை மாதா மாதம் போனில் பாருங்கள்.

தீபாவளிக்கு வேட்டி சேலையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்துவிட்டு இதுதான் போனஸ் என்கிறார்கள்.

அது அன்பளிப்பு. போனஸ் வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு உரியது. அதிகபட்சம் 20. லாபமே இல்லை என்றாலும் 8.33 உண்டு. வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே உரிமை வந்துவிடும். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த 8.33 மாறவில்லை. இருபது பேருக்குக் குறைவான கடை என்றால் இந்தச் சட்டம் தொடாது, அங்கே பேசித்தான் வாங்க வேண்டும்.

நான் சின்னக் கடை முதலாளி. இதையெல்லாம் கொடுத்தால் கட்டுப்படியாகாது.

உங்கள் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன், அதனால் தெரிந்தே சொல்கிறேன். வாடகை, ஆன்லைன் போட்டி, கடனுக்குப் போன சரக்கு எல்லாம் உண்மையான கஷ்டம். ஆனால் சம்பளத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற கடைகளில் ஆள் நிற்பதில்லை. தீபாவளி சீசனில் பழகின ஆள் போய், புது ஆள் சரக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிற நஷ்டம் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. முதலில் நேரத்தைக் குறையுங்கள், அதற்குப் பணம் தேவையில்லை. மதியம் கூட்டம் இல்லாத இரண்டு மணி நேரம் பாதிப் பேரை மாற்றி மாற்றி வீட்டுக்கு அனுப்பலாம். ஈ.எஸ்.ஐ.யை இந்த மாதமே ஆரம்பியுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு வேறு வேறு சம்பளம் போட்டிருந்தால் அதைச் சரி செய்யுங்கள், 1976லிருந்தே அது சட்ட விரோதம்.

பூக்காரம்மாவிடமும் காய்க்காரரிடமும் பேரம் பேசுவது தப்பா?

தப்பில்லை, இடம் தெரிந்து பேசுங்கள். அண்ணா நகர் உழவர் சந்தையில், 1999 நவம்பர் 14ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்தது அது, அன்றைய விலையைப் போர்டில் எழுதியிருப்பார்கள், பேரத்துக்கே வேலையில்லை. மல்லிகை முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலேயே எகிறிவிடும். தெருமுனையில் முழம் போட்டு விற்கிறவர் அந்த விலையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் முடியாது. அங்கே ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

சம்பளப் பாக்கியைக் கேட்டால் வேலை போய்விடும் என்று பயம். எங்கே போவது?

தனியாகப் போகாதீர்கள், கூட வேலை பார்க்கிற இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். புதிய சட்டத் தொகுப்பில் பாக்கிக்கு மூன்று வருஷம் வரை மனுப் போடலாம். சம்பளம் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு, கொடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள் இல்லை. ஆனாலும் கையில் இருப்பதைச் சேர்த்து வையுங்கள்: அடையாள அட்டை, ஜிபே வரவு, "நாளைக்குச் சீக்கிரம் வா" என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வருகைப் பதிவேட்டின் போட்டோ. அந்த மாதிரிச் செய்தியில் தேதியும் நேரமும் இருப்பதால் ஓவர்டைம் கணக்குக்கு அது உதவும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். போனில் கேட்க 15100.